பத்தாயிரம் பேரும் அப்பாவும்

அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அக்கா தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை. "நாம் மூன்று பேரும் எண்டோஸ்கோபி செய்துகொள்கிறோம். தேதி நான் வாங்குகிறேன்" என்றாள். கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே விட்டு இரைப்பையைப் பார்ப்பதுதான் எண்டோஸ்கோபி. அன்று மாலையே தம்பி அழைத்தான். "அக்கா உன்னிடமும் சொன்னாளா? எனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு அண்ணா குழாய் விழுங்க வேண்டும்?" என்றான்.

இருவருக்கும் நடுவில் நான். கணக்குத் தணிக்கை என் தொழில். வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்க்காமல் எனக்கு எதிலும் கையெழுத்துப் போட வராது. அதனால் அடுத்த இரண்டு மாதம் இரைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் பற்றிக் கைக்குக் கிடைத்த மருத்துவக் கட்டுரைகளைப் படித்தேன். புரியாத இடங்களில் மருத்துவ நண்பர் ஒருவரைத் தொந்தரவு செய்தேன். அந்த வாசிப்பும், பிறகு எங்கள் மூன்று வயிறுகளுக்கும் நேர்ந்ததும்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவுக்கு அப்போது 71 வயது. எட்டு மாதமாக மேல்வயிற்றில் ஒரு மந்தம். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். வாயுத் தொல்லை என்று தனக்குத் தானே தீர்ப்பெழுதி, அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை வேலையும் செய்தது, அதுதான் கொடுமை. எரிச்சல் அடங்கியது, எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. கடைசியில் எண்டோஸ்கோபி செய்தபோது நோய் இரைப்பைச் சுவரைத் தாண்டிக் கல்லீரல்வரை போயிருந்தது. அதன்பின் ஏழு மாதம் இருந்தார்.

ஒன்றை இங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு இருந்தவை அறிகுறிகள். காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, விழுங்கும்போது அடைப்பது, ஓயாத வாந்தி, தார்போல் கறுத்த மலம், ரத்தசோகை என்று எதுவாவது இருந்தால் வரவு செலவு பார்க்க அங்கே ஒன்றுமில்லை. தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நான் எழுதப்போவது ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருப்பவர்களைச் சோதிப்பது பற்றி. தம்பியைப் போன்றவர்களை.

இதை ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் என்கிறார்கள். ஒரு துண்டுப் பிரசுரத்தில் 'திரையிடல்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். இரைப்பைக்குள் ஏதோ படம் ஓட்டப்போகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். எனக்குச் 'சலித்தல்' பொருத்தமாகப் படுகிறது. மாவைச் சலிப்பதுபோல, ஆயிரக்கணக்கான ஆரோக்கியமானவர்களைச் சலித்து, நோய் இருக்கக்கூடிய சிலரைத் தனியே எடுப்பது. சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் கப்பியும் மாவோடு இறங்கிவிடும். மிகச் சிறிதாக இருந்தால் நல்ல மாவும் மேலேயே தங்கிவிடும். எந்தக் கண்ணைத் தேர்ந்தாலும் ஏதோ ஒரு பக்கம் நஷ்டம் உண்டு.

அந்த நஷ்டத்தை எண்ணிப் பார்க்க ஒரு கற்பனைப் பரிசோதனையை எடுத்துக்கொண்டேன். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்பதற்கு அருமையான பரிசோதனை. இதை 10,000 பேருக்குச் செய்வோம். இரைப்பைப் புற்று மிகுந்த ஓர் இடத்தில் அந்தப் பத்தாயிரத்தில் 20 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 18 பேர் பிடிபடுவார்கள். மீதி 9,980 பேரில் 998 பேருக்கும் 'சந்தேகம்' என்று முடிவு வரும். ஆக, 1,016 பேர் அன்றிரவு தூங்க மாட்டார்கள். அவர்களில் 56 பேருக்கு ஒருவரிடம்தான் உண்மையில் நோய்.

இப்போது அதே பரிசோதனையை, அதே கருவியோடு, அதே திறமைசாலிகளை வைத்து, நோய் அரிதான ஓர் இடத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் நோய். ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கலங்கடித்தால் அவர் ஒருவர் கிடைப்பார், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். பரிசோதனை மாறவில்லை, சலிக்கப்படும் கூட்டம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அக்காவும் தம்பியும் ஒரு வாரமாகப் போட்ட சண்டையில் இருவருமே பேசாமல் விட்டது இதைத்தான். 'எண்டோஸ்கோபி நல்லதா, இல்லையா' என்ற கேள்விக்கு, யாருக்கு என்று சொல்லாதவரை பதிலே கிடையாது.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறது, 6.6 லட்சம் பேர் அதனால் இறந்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சுமை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறங்கவில்லை. மங்கோலியா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளில் மிக அதிகம். நோய் அரிதான பல நாடுகளில் அரசு இதற்கென்று சலித்தல் திட்டமே வைத்திருக்கவில்லை. அலட்சியம் என்று முதலில் கோபப்பட்டேன். அந்த 10,000 பேர் கணக்கைப் போட்ட பிறகு கோபம் பாதியாகக் குறைந்தது.

இந்த வேலையில் மூத்தது ஜப்பான். அங்கே 1983 முதல் 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பேரியம் எக்ஸ்ரே நாடு தழுவிய திட்டமானது. கருவி பொருத்திய பஸ்கள் ஊர் ஊராகப் போயின. வாயு கிளப்பும் துகளை விழுங்கச் சொல்வார்கள், ஏப்பம் விடக்கூடாது. பிறகு சுண்ணாம்புக் கரைசல்போல் வெள்ளையாக ஒன்றைக் குடித்துவிட்டு, சாய்ந்து சாய்ந்து நகரும் மேசையில் புரண்டு படுக்க வேண்டும். பேரியம் இரைப்பையின் மடிப்புகளில் பூசிக்கொள்ள, எக்ஸ்ரேயில் அதன் வடிவம் தெரியும். மறுநாள் மலச்சிக்கல் வராமலிருக்கப் பேதி மாத்திரை. கொஞ்சம் கதிர்வீச்சு. இவ்வளவும் முடிந்து நிழலில் ஏதோ சந்தேகம் என்றால், எப்படியும் எண்டோஸ்கோபிக்குத்தான் அனுப்புவார்கள். அதில்தான் கண்ணால் பார்க்கவும் திசுவைக் கிள்ளி எடுக்கவும் முடியும்.

பேரியத்தின் பலம் அதன் தரத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. படம் எடுக்கத் தொழில்நுட்பர் போதும், ஒரே மருத்துவர் உட்கார்ந்த இடத்தில் நூற்றுக்கணக்கான படங்களைப் படித்துவிடலாம். எண்டோஸ்கோபியில் ஒவ்வொருவருக்கும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு படுக்கை, கழுவிக் கிருமி நீக்கிய ஒரு கருவி வேண்டும். பல பத்தாண்டுகள் பேரியம் நின்றதற்குக் காரணம் இதுதான். ஜப்பானிலேயே 2016இல் 50 வயதைக் கடந்தவர்களுக்கு எண்டோஸ்கோபியையும் அரசுத் திட்டத்தில் சேர்த்தார்கள்.

தென்கொரியாவின் புள்ளிவிவரம் என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தையே முடித்துவைத்தது. அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் 1999இல் தொடங்கியது. அந்த ஆய்வு நடந்த காலத்தில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேரியம் அல்லது எண்டோஸ்கோபி, எது வேண்டுமோ அதைச் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. ஒரே நாட்டில், ஒரே திட்டத்தில், இரண்டு சல்லடைகள் பக்கத்தில் பக்கத்தில். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்கள் இரைப்பைப் புற்றால் இறக்கும் வாய்ப்பு, எந்தப் பரிசோதனையும் செய்யாதவர்களைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. பேரியம் செய்துகொண்டவர்களிடம் குறைவு 2 சதவீதம். அதாவது, இல்லையென்றே சொல்லலாம்.

தணிக்கையாளன் புத்தி இங்கே ஒரு குறிப்பை ஓரத்தில் எழுதச் சொல்கிறது. அது ஆட்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனை இல்லை. தானாகப் பரிசோதனைக்கு வருபவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள், புகைப்பது குறைவு, தொந்தரவு என்றால் உடனே மருத்துவரிடம் போவார்கள். 47இல் ஒரு பங்கு அந்தக் குணத்துக்குச் சேரும். ஆனால் பேரியத்துக்கு வந்தவர்களும் அதே குணம் உள்ளவர்கள்தானே? அவர்களுக்கு ஏன் 2 மட்டும்? இந்த ஒப்பீடுதான் என்னை அக்கா பக்கம் சாய வைத்தது. எண்டோஸ்கோபி செய்ய ஆளில்லாத இடம் தவிர வேறெங்கும் இனிப் பேரியத்துக்கு வேலை இல்லை என்பது என் முடிவு.

அதற்காகக் குழாயின் செலவுப் பக்கத்தை மறைத்து எழுத மாட்டேன். என் முறை வந்தபோது அந்தப் பக்கத்தை முழுக்க அனுபவித்தேன். முந்தைய இரவோடு சாப்பாடு நிறுத்தம். துணைக்கு ஒருவர் வந்தாக வேண்டும், அதனால் மனைவிக்கும் ஒரு நாள் வேலை போனது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்தார்கள், வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் கசந்தது. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கொடுத்தார்கள். தூக்க மருந்து ஏறியபின் நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. காற்றை ஊதி இரைப்பையை விரிக்கும்போது ஏதோ பலூன் என் உள்ளேயிருந்து எழுவதுபோல் இருந்தது. கன்னத்தில் எச்சில் வழிந்தது. ஒரு குரல், "நன்றாக ஒத்துழைக்கிறீர்கள் ஐயா" என்றது. வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். இரண்டாவது கட்டளை என் தொழிலுக்கு விடுமுறை கொடுத்ததற்குச் சமம்.

ரத்தக்கசிவு, இரைப்பைச் சுவரில் ஓட்டை போன்ற பெரிய ஆபத்துகள் மிக அரிது. ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு என்ற அளவு. நோயாளி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறியது. பத்து லட்சம் ஆரோக்கியமானவர்களுக்குச் செய்யும்போது அது எண்ணக்கூடிய மனிதர்களாகிவிடுகிறது, ஒரு நோயும் இல்லாமல் உள்ளே போனவர்களாக. குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்பதும் இல்லை. புற்று கண்டறியப்பட்டவர்களைப் பின்னோக்கிப் பார்த்தால், ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு முந்தைய மூன்றாண்டுக்குள் எண்டோஸ்கோபி செய்து 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போனவர். பார்ப்பவரின் பொறுமையும் கணக்கில் சேரும். குழாய் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை 7 நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் சொல்கிறது. வாசலில் முப்பது பேர் காத்திருக்கும் நாளில் அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வரும்?

அந்த வரிசைதான் யாரும் எழுதாத பெரிய செலவு. காத்திருக்கும் முப்பது பேரில் இருபத்தைந்து பேர் என்னைப்போல் எதற்கும் பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள் என்றால், பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்ட ஒருவர் இருபத்தாறாவது ஆளாக நிற்கிறார். பணம் கொடுக்கும் வசதி எனக்கு இருக்கிறது என்பதால் அந்தச் செலவு என் பில்லில் வராது. அவருடைய நாட்களிலிருந்து கழியும்.

எனக்கு என்ன கிடைத்தது? புற்று இல்லை. ஆனால் 'ஒன்றுமில்லை' என்றும் எழுதவில்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கிள்ளி எடுத்த திசுவில், உட்புறச் சுவர் ஓரிடத்தில் குடலின் சுவரைப்போல் மாறியிருக்கிறது என்று பயாப்ஸி அறிக்கை சொன்னது. இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா என்பது அதன் பெயர். பெலாயோ கொரியா என்ற நோயியல் அறிஞர் விவரித்த ஏணி ஒன்று இருக்கிறது. நாட்பட்ட அழற்சி, சுவர் மெலிதல், குடல்போல் மாறுதல், செல்கள் ஒழுங்கு கெடுதல், கடைசியில் புற்று. நான் மூன்றாம் படியில் நிற்கிறேன். இந்தப் படியில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சாகும்வரை அங்கேயே நிற்பார்கள். அதைப் படித்தும் நாலு மாதம் ஒவ்வோர் ஏப்பத்தையும் தந்தி வந்ததுபோல் கேட்டேன்.

ஓரிடத்தில் மட்டும் இந்த மாற்றம் இருந்தால் பொதுவாகத் தொடர்கண்காணிப்பு தேவையில்லை என்கிறது 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல். குடும்பத்தில் இரைப்பைப் புற்று இருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்ப்பதைப் பரிசீலிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆக, எனக்கு மூன்றாண்டுக்கு ஒரு குழாய். இதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா? இன்றுவரை அந்த வரியை இரண்டு பக்கமும் சேராமல் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன்.

இனி, தூக்கம் வராத இரவுகளில் என்னை வாட்டிய கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு இரண்டு ஆண்டு முன்பே தெரிந்திருந்தால்?

ஆரம்ப நிலையில், உட்சுவரோடு நிற்கும்போது பிடித்துவிட்டால் ஐந்தாண்டு பிழைப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். சில வகைகளில் வயிற்றைக் கிழிக்கவே வேண்டாம், குழாய் வழியாகவே அந்தப் படலத்தை உரித்தெடுத்துவிடுகிறார்கள். அப்பாவைப்போல் பரவிய பின் தெரிந்தால் அந்த எண்ணிக்கை பாதாளத்தில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துத்தான் எல்லா விளம்பரமும் 'முன்கூட்டியே அறிவீர்' என்கிறது. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருவர் 70 வயதில் இறக்கப்போகிறார், எந்தச் சிகிச்சையும் அதை மாற்றப்போவதில்லை என்று வையுங்கள். 68இல் நோய் தெரிந்தால் அவர் இரண்டாண்டு பிழைத்தவர், தோல்வி. அதே மனிதருக்கு 64இல் தெரிந்திருந்தால் ஆறாண்டு பிழைத்தவர், புள்ளிவிவரத்தில் வெற்றி. அவர் வாழ்ந்ததில் ஒரு நாள் கூடவில்லை. நோயாளியாக இருந்ததில் நான்கு ஆண்டு கூடியிருக்கிறது. மெதுவாக வளரும் கட்டிகள்தான் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் பிடிபடக் காத்திருக்கும் என்பது அடுத்த ஓட்டை. வேகமானவை நடுவிலேயே வந்து வேலையை முடித்துவிடும்.

அதனால்தான் பிழைத்தவர் சதவீதத்தை நம்பாமல், மொத்தத்தில் இறப்பு குறைந்ததா என்று பார்க்கச் சொல்கிறார்கள். கொரியாவின் 47க்கு மதிப்பு அதனால்தான். அது பிழைத்த ஆண்டுகளை எண்ணவில்லை, இறந்தவர்களை எண்ணியது. அப்பா அந்தப் பாதியில் இருந்திருப்பாரா? பத்தாயிரம் பேரைப் பற்றிச் சொல்லத் தெரிந்த எந்த எண்ணும் ஒருவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "இருந்திருப்பார்" என்று மட்டும் சொன்னாள். நான் மேலே பேசவில்லை.

ரத்தப் பரிசோதனைகளை விரைவாகக் கடந்துவிடலாம். பெப்சினோஜன் என்ற பொருளை இரைப்பை இரண்டு வகைகளில் சுரக்கிறது, சுவர் மெலிந்தால் அதன் முதல் வகை குறையும். முதல் வகை 70க்குக் கீழும், இரண்டுக்கும் உள்ள விகிதம் 3க்குக் கீழும் இருந்தால் சுவர் மெலிந்திருக்கலாம் என்று ஜப்பானில் எல்லை வகுத்தார்கள். இது புற்றைக் காட்டாது, யார் ஏணியில் ஏறியிருக்கலாம் என்று ஊகிக்கும். யாரைக் குழாய்க்கு அனுப்பலாம் என்று வரிசையைக் குறைக்க உதவும் மலிவான முதல் சல்லடை. சுவர் மெலியாமலே வரும், கட்டியாகத் திரளாமல் சிதறிப் படரும் வகைப் புற்றை இது தவறவிட்டுவிடும். ஆனால் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் சிஇஏ, சிஏ 19-9 போன்ற கட்டிக் குறியீடுகளை ரத்தத்தில் பார்த்துப் புற்றைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் தொகுப்புகள் இருக்கின்றனவே, அவற்றின்மீது எனக்குக் கோபம் மட்டும்தான். ஏற்கெனவே புற்று உள்ளவரின் சிகிச்சையைத் தொடர்ந்து பார்க்க அவை பயன்படலாம். ஆரம்பப் புற்றில் பெரும்பாலும் உயர்வதில்லை, புற்றே இல்லாத பல கோளாறுகளில் உயரும். கப்பியை விட்டுவிட்டு மாவைப் பிடிக்கும் சல்லடை அது.

இவ்வளவு நேரமும் விளைவைத் தேடும் வழிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். காரணத்தைத் தேடும் வழி ஒன்று இருக்கிறது, என் பார்வையில் கணக்கேட்டில் மிகச் சுத்தமான பக்கம் அதுதான்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் இதை வளர்த்தெடுத்தார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்று உலகம் நம்ப மறுத்தபோது, 1984இல் மார்ஷல் அந்தக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "குழாயே பரவாயில்லை" என்றான். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்தது, 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உணவுக்குழாய்ச் சந்திப்பைத் தவிர்த்த மற்ற இரைப்பைப் பகுதிகளில் வரும் புற்றில் பத்தில் ஒன்பது இக்கிருமியின் கணக்கில் சேர்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. அண்ணன் தம்பி அக்கா என்று ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கண்டுபிடிப்பதும் எளிது. யூரியா கலந்த திரவத்தைக் குடித்துவிட்டு ஒரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும், யூரியாவில் அடையாளத்துக்காக வைத்த கார்பன் மூச்சில் வரும். வலி இல்லை, துணைக்கு ஆள் வேண்டாம். இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரைகளை நிறுத்த வேண்டும், அக்கா அதற்கே முணுமுணுத்தாள். இருந்தால் 14 நாள் மாத்திரை. அதனால் என்ன பலன் என்று கேட்டால், எங்களுக்கென்றே எழுதியதுபோல் ஒரு சோதனை இருக்கிறது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இரைப்பைப் புற்று வந்தவர்களைக் கொரியாவில் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிருமி ஒழிப்பு மருந்தும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. ஒன்பது ஆண்டுத் தொடர்பார்வையில் மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்று வந்தது. எங்களைப் போன்ற 67 பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் ஒரு புற்று தடுக்கப்படுகிறது. என் அலுவலகத்தில் இப்படி ஒரு முதலீட்டை யாரும் நிராகரிக்க மாட்டார்கள். தைவானின் மாட்சு தீவுகளில் 2004இலிருந்து மக்கள் அனைவருக்கும் சோதித்து மருந்து கொடுத்ததில், புதிதாக வரும் இரைப்பைப் புற்று பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

இங்கேயும் செலவு இல்லாமல் இல்லை. உலகில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்தக் கிருமி இருக்கிறது, அவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான் புற்றைக் காண்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் வராத ஒன்றுக்காக இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் விழுங்குவார்கள். குமட்டல், பேதி, வாயில் இரும்புக் கசப்பு. இவற்றைவிடப் பெரிது, கோடிக்கணக்கானவர்கள் விழுங்கினால் மற்றக் கிருமிகளும் அந்த மருந்துகளுக்குப் பழகிக்கொள்ளும் என்பது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பணியாத ஹெலிகோபாக்டரை உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஏணியில் ஏறிவிட்ட பிறகு கிருமியை ஒழித்தால் ஆபத்து குறையுமே தவிர நீங்காது. நான் மருந்தும் சாப்பிட்டேன், குழாய்க்கும் தேதி வைத்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் சிடிஎச்1 என்ற மரபணுக் கோளாறு இறங்குகிறது. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் 1998இல் இதை அடையாளம் கண்டார்கள். அந்தப் புற்று மேற்பரப்பில் கட்டியாக எழாமல் சுவருக்கு அடியில் சிதறிப் படர்வதால் எண்டோஸ்கோபி கண்ணுக்கே எளிதில் சிக்காது. அவர்களில் பலர் இளவயதிலேயே, நோய் வரும் முன், இரைப்பையை முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஒருவருக்குத்தான், அதுவும் எழுபதைக் கடந்த பிறகு என்பதால், நண்பர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்றார்.

கடைசியில் நான் எழுதிய தீர்ப்பு இது. மூவரும் மூச்சுப் பரிசோதனை செய்வது. அப்பாவுக்கு இருந்ததால், ஐம்பதை ஒட்டிய அக்காவும் நானும் ஒருமுறை குழாயும் போட்டுக்கொள்வது. தம்பிக்கு 41, அவனுக்கு மூச்சுச் சோதனையின் முடிவைப் பார்த்துச் சொல்லலாம் என்றேன். தீர்ப்பு இருவருக்கும் பிடிக்கவில்லை. நடுநிலைக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும். அக்காவுக்குக் கிருமி இல்லை, குழாயிலும் சுத்தம். "நான்தானே முதலில் சொன்னேன், எனக்கு ஒன்றுமில்லை பார்" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னாள். எனக்குக் கிருமி இருந்தது. தம்பிக்கும் இருந்தது.

அவனுக்கும் 14 நாள் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். பத்தாம் நாள் அழைத்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னான், வாயெல்லாம் துருப்பிடித்த சாவியைச் சப்பியதுபோல் இருக்கிறதாம், ஒன்பதாம் நாளோடு நிறுத்திவிட்டானாம். "ஒன்பதில் சாகாத கிருமியா பதினாலில் சாகப்போகிறது?" என்றான். கத்தினேன். அரைகுறையாக அடிவாங்கிய கிருமி எப்படித் தேறி வரும் என்று விளக்கினேன். அக்காவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன், அதற்கு மட்டும் கொஞ்சம் பயந்தான். ஒழிந்ததா என்று பார்க்க, மாத்திரை நிறுத்திய நாளிலிருந்து நான்கு வாரமாவது கழித்துத்தான் மறுபடி ஊத வேண்டும். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை.